கஞ்சி மட்டுமே வழங்கப்படும்

கமுதி,
திங்கட்கிழமை.

மதிப்புக்குரிய மச்சான் மருதுபாண்டி அவர்களுக்கு,

மிளகாய் காயும் களத்தில் தும்மலைத் தவிர வேறு குறையில்லாமல் இருக்கும் உங்கள் தங்கை வீட்டுக்காரன் பால்சாமி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே மாரிச்செல்வியும் மதுமதியும் நலம். திருப்பூரில் நீங்களும் அக்காவும் சுகமாக இருக்க உங்கள் குலசாமி துணையிருக்கும். போனில் சொல்லாமல் இந்தக் காலத்தில் கடிதமா என்று நினைப்பீர்கள். போனைத் தொடவே எனக்குப் பயமாக இருக்கிறது, மச்சான். ஏன் என்று சொல்கிறேன், கோபப்படாமல் படியுங்கள்.

உங்கள் மருமகள் மதுமதிக்குப் புனேயிலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் பெயர் அருள்முருகன். பையனும் பெண்ணும் போனில் பேசிப் பிடித்துப்போய், இருபது வரனைத் தட்டிக்கழித்த நம்ம பிள்ளை தனியாகச் சிரித்துக்கொண்டு திரிந்தது. இனி நான் முறைப்படி அழைக்க வேண்டியதுதான் பாக்கி. பையனின் அப்பா பூமிநாதன் புனேயிலேயே பிறந்தவர், தமிழ் பேசுவார், படிக்க வராது. சரி, இங்கிலீஷிலேயே எழுதுவோம் என்று துணிந்தேன். நம் பக்கம் அழைக்கிறவர் தன்னைத் தாழ்த்திச் சொல்வதும், கேட்கிறவர் "அட, அப்படியெல்லாம் சொல்லலாமா" என்று மறிப்பதும்தானே முறை? நானும் அப்படியே, நாங்கள் எளிய ஜனம், வீடு என்று சொல்ல ஒரு குடிசை, பிள்ளை ஒன்றும் தெரியாதது, நாங்கள் குடிக்கிற கஞ்சியை நீங்களும் ஒரு வாய் குடித்து, குற்றம் குறை இருந்தால் பொறுத்து, வந்து எங்களைக் கௌரவிக்க வேண்டும் என்று ஒரே மூச்சில் எழுதிவிட்டேன். போனில் இங்கிலீஷைத் திருத்தித் தெளிவாக்கித் தரும் ஒன்றை மதுமதி ஏற்றி வைத்திருந்தது. அதில் போட்டேன். கண் மூடித் திறப்பதற்குள் பிழையில்லாமல் வந்தது. பார்க்க அவ்வளவு லட்சணம், அப்படியே அனுப்பிவிட்டேன். பிறகுதான் மதுமதி அதை வாங்கித் தமிழில் படித்துக்காட்டியது: "எங்கள் வீடு குடிசை. மணமகளுக்கு எதுவும் தெரியாது. கஞ்சி மட்டுமே வழங்கப்படும். குறைகள் இருக்கும். வருகையை உறுதி செய்யவும்."

மறுநாள் அங்கிருந்து பதில் வந்தது. "வெளிப்படையான தகவலுக்கு நன்றி. பரிசீலித்துத் தெரிவிக்கிறோம்" என்று. மதுமதி தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனது. உங்கள் தங்கை என்னைப் பிடித்துக்கொண்டாள். "வாய் இருக்குல்ல? வாயால கூப்பிட்டா என்ன கொறஞ்சா போகும்? அங்கன போயி பெரிய தொர மாதிரி எழுதுறாராம், எழுத!"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நாங்கள் ஒன்றும் இல்லாதவர்கள் இல்லை, வசதியாகத்தான் இருக்கிறோம் என்று ஆற அமர விளக்கி இன்னொன்று எழுதித் திருத்தப் போட்டேன். அது திருத்தியது: "முந்தைய தகவல் தவறானது. வீடு பெரியது. மணமகளுக்கு எல்லாம் தெரியும். ஆட்டுக்கறி உண்டு." அதுவும் போய்ச் சேர்ந்துவிட்டது, மச்சான். அன்றைக்கு எனக்கு மனசே சரியில்லை. பெற்ற பிள்ளையின் சந்தோஷத்தை நானே கெடுத்துவிட்டேனே என்று களத்தில் போய் உட்கார்ந்து அழுதேன். மிளகாய் நெடி என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டேன்.

நேற்றுக் காலை பூமிநாதனின் வீட்டம்மா நாகலெட்சுமி போன் செய்தார். அவர் நம் பக்கத்து ஊர் அபிராமத்தில் பிறந்தவராம்! எடுத்ததும் ஒரே சிரிப்பு.

"அண்ணே, இவரு லெட்டரப் படிச்சிட்டு ஆடிப்போயிட்டாரு. நா இந்தப் பக்கத்துக்காரி, எனக்குத் தெரியாதா? குடிசைன்னா மச்சு வீடு, கஞ்சின்னா கறிச்சோறு. ஒண்ணுந் தெரியாத புள்ளைன்னா ஊரையே கட்டி ஆளும்! மொத லெட்டருதாண்ணே மனுசன் எழுதுனது. ரெண்டாவதப் பாத்துத்தான் இது யாருடா பெருமைக்காரன்னு எனக்கே பயமாப் போச்சு. வாற வாரம் ஞாயித்துக்கெழம வாரோம்."

எனக்கு உயிர் வந்தது. மதுமதி மறுபடி சிரிக்கிறது. தாய்மாமன் இல்லாமல் இங்கே எதுவும் நடக்காது. நீங்களும் அக்காவும் சனிக்கிழமையே வந்து சேர வேண்டும். பிள்ளைகளுக்கு எங்கள் ஆசி. அக்காவுக்கு மாரிச்செல்வி தன் அன்பைத் தனியாகச் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்,
பால்சாமி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் மதுமதி இதைப் படித்துவிட்டு, "அய்யா, மொத லெட்டர்ல எது பொய்யி?" என்று கேட்டது. நானும் மாரிச்செல்வியும் சுற்றிப் பார்த்தோம். வீடு உங்களுக்குத் தெரிந்ததுதான், போன மழைக்கு அடுப்படிச் சுவரும் விழுந்துவிட்டது. பிள்ளைக்கு வெந்நீர் வைக்கத் தெரியும். இந்த வருஷ விளைச்சலுக்குக் கஞ்சியே கௌரவம். பொய் சொல்லிக் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று அது நாகலெட்சுமி அம்மாவுக்கே போன் போட்டு, "அத்தை, அய்யா எழுதுனது அம்புட்டும் நெசம். வீடு குடிசதான், எனக்குச் சமைக்கத் தெரியாது" என்று சொல்லிவிட்டது. அந்த அம்மாவுக்குப் பூரிப்பு தாங்கவில்லையாம். "பேசுனா இப்படிப் பேசணும்! எம் மருமகளுக்கு என்னா அடக்கம்!" என்றாராம். காரில் வருவதாக இருந்தவர்கள் இப்போது சொந்தபந்தத்தையெல்லாம் கூட்டிக்கொண்டு வர வேன் பேசியிருக்கிறார்கள்.