சடையாண்டி அடிக்காத சிக்சர்கள்

ஒரு காட்டில் சிங்கம் இருந்தது, புலி இருந்தது, அவற்றைவிட ஆபத்தாக ஒரு கிரிக்கெட் அணியும் இருந்தது.

வருடா வருடம் அக்கரைக் காட்டோடு ஐந்து நாள் மேட்ச் நடக்கும். மேட்ச் முடியும்வரை யாரும் யாரையும் கடிக்கக் கூடாது, சிங்கத்துக்கும் தயிர்சாதம்தான். ஜெயித்த காடு அன்று மாலையே விருந்து வைக்கும். கறி பார்வையாளர் பகுதியிலிருந்து எடுக்கப்படும். டிரா ஆனால் விருந்து கிடையாது, எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். விதி மிகப் பழையது. அதனால் யாரும் அதைப் படித்ததில்லை.

அணியின் தொடக்க ஆட்டக்காரர் சடையாண்டி என்ற உடும்பு. அது அணிக்கு வந்ததிலிருந்து எல்லா மேட்சும் டிராதான். யானை வேகமாகப் போட்டாலும் சரி, தவளை சுழற்றிப் போட்டாலும் சரி, பந்தைத் தடவிக் காலடியிலேயே படுக்க வைத்துவிடும். ஃபுல் டாஸ் வந்தால்கூட நன்றாக விசாரித்துவிட்டுத்தான் தொடும். அதன் ஆட்டம் அழகு என்று நான் பொய் சொல்ல மாட்டேன். அம்பயர் ஆந்தைக்குப் பகல் தூக்கம் ஒரு நாளும் கெட்டதில்லை.

சடையாண்டி தியாகி ஒன்றும் கிடையாது. விருந்தில் முதலில் காலியாவது உடும்புக் கறி என்று அதற்குத் தெரியும், அவ்வளவுதான்.

ரசிகர் மன்றத் தலைவர் குழந்தைவேலு என்ற முயல். ஒருநாள் வேலியோரம் நின்று கத்தியது.

"யோவ், அடிச்சு ஆடுய்யா! டிக்கெட் எடுத்துட்டு வந்து கொட்டாவியா விடுறது?"

"தம்பி, நான் அடிச்சா நாம ஜெயிச்சிருவோம்."

"அதைத்தானே கேக்குறோம்!"

"ஜெயிச்சா விருந்து வைப்பாங்க."

"வைக்கட்டுமே! எனக்கும் காலையிலேர்ந்து பசிக்குது."

சடையாண்டி முயலை ஏற இறங்கப் பார்த்தது. பிறகு அடுத்த பந்தையும் தடவியது.

கிரிக்கெட் வாரியத் தலைவரான சிங்கத்துக்குத் தயிர்சாதம் தின்று தின்று நாக்கு செத்துப்போயிருந்தது. ஆனாலும் அது சர்வாதிகாரி இல்லை. எல்லோருடைய செல்போனுக்கும் ஒரு கேள்வி அனுப்பியது: தொடக்க ஆட்டக்காரராக உடும்பு வேண்டுமா, குரங்கு வேண்டுமா? முயல்களும் மான்களும் விழுந்தடித்துக்கொண்டு குரங்குக்கு ஓட்டுப் போட்டன. ஓட்டுப் போடத் தெரியாத ஆடுகளுக்கு நரி வீடு வீடாகப் போய் உதவி செய்தது.

சடையாண்டிக்குப் பொன்னாடை போர்த்தி அனுப்பி வைத்தார்கள். அது பொன்னாடையோடு நேரே ஒரு பாறை இடுக்குக்குள் போய்ப் பாறையை இறுகப் பிடித்துக்கொண்டது.

அடுத்த மேட்சில் குரங்கு சிக்சராக விளாசித் தள்ளியது. பந்து தேடவே தனி ஆள் போட வேண்டியிருந்தது. ஐந்து நாள் மேட்ச் மூன்றாம் நாள் சாப்பாட்டு இடைவேளைக்கு முன்பே முடிந்துவிட்டது. வெற்றி! குழந்தைவேலு மேளத்துக்கு ஆடிக் களைத்து, விருந்துப் பந்தலில் முதல் ஆளாக வந்து நின்றது.

"அண்ணே, பந்தி எப்போ?" என்று நரியிடம் கேட்டது.

"நீ வந்துட்டேல்ல, ஆரம்பிச்சிரலாம்," என்றது நரி.

மறு வருடம் டிக்கெட் விற்கவில்லை. வாங்குவதற்கு ஆள் வேண்டுமே! சிங்கம் கணக்குப் பார்த்துவிட்டுப் பாறை இடுக்குக்குப் போய்த் தொண்டையைச் செருமியது.

"சடையாண்டி, கூட்டம் கொஞ்சம் பெருகுற வரைக்கும் வந்து ஆடிக் குடுப்பா."

சடையாண்டி வந்தது. முதல் பந்தைக் காலடியில் படுக்க வைத்தது. தப்பிப் பிழைத்த முயல்கள் நாலைந்து வேலியோரம் உட்கார்ந்து பார்த்தன. அதில் ஒன்று குழந்தைவேலுவின் தம்பி. அது கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்று கத்தியது:

"யோவ், எங்க அண்ணன் உயிரோட இருந்த காலத்துலேர்ந்து இதையேதான் ஆடுற! அடிச்சு ஆடுய்யா!"

நீதி: வெற்றி விருந்துக்குக் கூப்பிட்டால், நமக்கு இடம் இலைக்கு முன்னாலா, இலை மேலா என்று கேட்டுவிட்டுக் கை கழுவவும்.