ஒன்றை மட்டும் மாற்று

"நாளைக்கு ஸ்கூல்ல அறிவியல் ப்ராஜெக்ட் குடுக்கணும்ப்பா. இதைக் கொஞ்சம் பாத்துத் தர்றீங்களா?" என்று மகள் கேட்டதுதான் தாமதம், புரோகிராமர் லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்தார்.

அட்டையில் செய்த கிளைடர். மகள் வீசிக் காட்டினாள். கூடத்தின் மறுகோடியிலிருந்த சோபா வரை பறந்து, இறங்கும்போது மட்டும் கொஞ்சம் இடதுபக்கம் சாய்ந்தது. கண்ணில் பட்ட குறையைச் சும்மா விடுவது புரோகிராமரின் சுபாவத்திலேயே இல்லை.

"முதல் பாடம் கேட்டுக்கோ. ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும்தான் மாத்தணும். மத்ததெல்லாம் அப்படியே இருக்கணும். அப்பதான் எதனால என்ன ஆச்சுன்னு தெரியும். ப்ரோகிராம்லயும் அப்படித்தான். புரியுதா?"

"புரியுதுப்பா."

வீசுவதும் அளப்பதும் அவள் வேலை, திருத்துவது இவர் வேலை என்று முடிவாயிற்று.

கிளைடரின் மூக்கில் ஒரு கிளிப் மாட்டினார். கிளைடர் பாதி வழியிலேயே குப்புற விழுந்தது. கிளிப்பைக் கழற்றாமலே வாலை வளைத்தார். இப்போது செங்குத்தாக மேலே ஏறி, யோசித்து, அவர் தலையிலேயே இறங்கியது.

"எல்லாம் இந்த ஃபேன் காத்து! யார் போட்டது?"

"நீங்கதான்," என்றாள் மனைவி, அடுக்களையிலிருந்து.

ஃபேனை நிறுத்தினார். ஜன்னல்களைச் சாத்தினார். இடது இறக்கையில் ஒரு விரல் அகலம் வெட்டினார். வலது பெரிதாகத் தெரிந்தது, அதையும் வெட்டினார். இப்போது இடது பெரிதாகத் தெரிந்தது.

மனைவி எட்டிப் பார்த்தாள். "ஏங்க, சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையா இருக்கே. நல்லாத்தானே பறந்துச்சு?"

"பறக்குறது வேற, சரியா பறக்குறது வேற. உனக்குப் புரியாது!"

மிச்சமிருந்த இறக்கையைப் பசை போட்டு நிமிர்த்தினார். மகள் வீசினாள். இறக்கை ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம் என்று அவள் காலடியிலேயே விழுந்தது.

புரோகிராமருக்கு நிஜமாகவே நெஞ்சு கனத்தது. பாவம், குழந்தை எத்தனை நாள் உட்கார்ந்து வெட்டி ஒட்டினாளோ!

"மன்னிச்சுக்கம்மா, உன் ப்ராஜெக்ட்டை நானே கெடுத்துட்டேன். இரு, புதுசா ஒண்ணு செஞ்சு..."

"ஐயோ, வேண்டாம்ப்பா!"

மகள் அளவுநாடாவை நீட்டி, கிளைடர் விழுந்த தூரத்தை அளந்துகொண்டாள். ஜன்னல்களைத் திறந்தாள், ஃபேனைப் பழையபடி ஓடவிட்டாள். அறைக்குள் போய் இன்னொரு கிளைடரை எடுத்து வந்தாள். அச்சு அசலாக அதே அட்டை, அதே இறக்கை. நின்ற இடத்திலேயே நின்று வீசினாள். அது ஒய்யாரமாகச் சோபா வரை போய், கொஞ்சம் இடதுபக்கம் சாய்ந்து இறங்கியது.

புரோகிராமர் வாயைப் பிளந்தார். "இதை எப்ப செஞ்சே?"

"ரெண்டையும் ஒண்ணாத்தான்ப்பா செஞ்சேன். எல்லாமே ஒரே மாதிரிதான். ஒண்ணே ஒண்ணை மட்டும் மாத்தினேன்... இதை உங்ககிட்ட குடுக்கல."