நகராத அயோட்டா அக்கா

தர்மபுரி மாவட்டத்தில் யானையைக்கூட வழிமாற்றி அனுப்பிவிடலாம். எங்கள் ஹாஸ்டல் அயோட்டா அக்காவை நின்ற இடத்திலிருந்து நகர்த்த ஆள் பிறக்கவில்லை. உயரமோ, என் அலமாரியின் இரண்டாம் தட்டு வரைக்கும்தான்.

பெயர் ஆங்கில வகுப்பில் வந்ததாம். கிரேக்க எழுத்துகளிலேயே பொடிசு அயோட்டா. அதனால்தான் இம்மி, துளி என்று சொல்ல ஆங்கிலத்தில் அந்த எழுத்தின் பெயரையே எடுத்துக்கொண்டார்கள். பேராசிரியர் சொல்லி முடிப்பதற்குள் வகுப்பே அவளைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. வேறொருத்தி என்றால் அழுதிருப்பாள். இவள் போய்ப் போர்டில் அந்த எழுத்தை எழுதினாள்.

"நல்லா பாத்துக்கங்கடி. சின்னதுதான். ஆனா ஒத்தைக் கால ஊனி எப்புடி நிக்குது! இனிமே என்னை இப்புடியே கூப்பிடுங்க."

அன்றைக்குப் பிடித்தது வார்டனுக்குச் சனி. மெஸ்ஸில் களி உருண்டை சிறுத்தால் தட்டோடு வார்டன் அறைக்குப் போய்விடுவாள். "ஒரு அயோட்டா கொறைஞ்சாலும் வாங்க மாட்டேங்க, மேடம்." அவள் வருவதைப் பார்த்தாலே வார்டன் செல்போனைக் காதில் வைத்துக்கொள்வார்.

நான் முதலாமாண்டு படித்தபோது ஒருநாள் பென்னாகரத்திலிருந்து மாமா பைக்கில் வந்தார். "அம்மாவுக்கு ரொம்ப முடியல, கெளம்பு." காலையில்தான் அம்மா போனில் என்னைத் தெம்பாகத் திட்டியிருந்தாள். மாமாவின் சட்டைப் பையிலிருந்து மாப்பிள்ளை போட்டோ வேறு எட்டிப் பார்த்தது. என் படிப்பு அத்தோடு சரி என்று வாசலிலேயே அழுதேன்.

அழுதுகொண்டே அக்காவிடம் சொன்னேன். அவள் நேரே போய் பைக்கின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"யாரும்மா நீ? எறங்கு!"

"நானும் வர்றேங்க. டிகிரி முடிக்காம இவ கல்யாணம் பண்ண மாட்டான்னு மாப்ள வூட்ல யாராச்சும் சொல்லணுமில்லீங்களா?"

"இது எங்க வூட்டு விஷயம்!"

"இருக்கட்டுங்க. வண்டிய எடுங்க. நான் ஒரு அயோட்டா நகர மாட்டேன்."

மாமா மிரட்டினார், கெஞ்சினார், வார்டனைக் கூப்பிட்டார். வார்டன் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டார். கடைசியில் மாமா வண்டியையும் என்னையும் விட்டுவிட்டு பஸ் ஏறித்தான் ஊருக்குப் போனார்.

மறுநாள் வண்டியை எடுக்க அப்பா வந்தார். பின்சீட்டில் அக்கா இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அப்பா அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரி, படிச்சு முடிக்கட்டும். நீ எறங்கும்மா" என்றார். அவள் கையைக் கழுவிவிட்டுத்தான் இறங்கினாள்.

ஹாஸ்டல் குரூப் போட்டோவில் அவளை முன்வரிசைக்கு வரச் சொன்னார்கள். வருவாளா? எனக்குப் பின்னாலேயே நின்றாள். என் டிகிரி சர்டிபிகேட்டுக்குப் பக்கத்தில் அந்தப் படத்தை மாட்டியிருக்கிறேன். வருகிறவர்களிடம் என் தோளுக்குப் பின்னால் தெரியும் ஒரு கொத்து முடியைக் காட்டி, "இதுதான் எங்க அக்கா" என்பேன்.