கவிதா, தொண்ணூற்றொன்பது சதவீதம்

யாராவது பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தால் எனக்கு ஊசியில் நூல்கூடக் கோக்க வராது. கம்ப்யூட்டருக்கும் அதே கஷ்டம் உண்டு என்பது, ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் சேர்ந்த புதிதில் எனக்குத் தெரியாது. (காலேஜில் சொல்லிக்கொடுத்தார்கள். நான்தான் அன்று சோளிங்கர் மலை ஏறிக்கொண்டிருந்தேன், அதே பாடத்தில் பாஸாக வேண்டிக்கொண்டு.)

தோல் வெட்டும் மெஷினை ஒரு பழைய கம்ப்யூட்டர்தான் ஓட்டும். அது லேசாகத் திணற ஆரம்பித்தது. மேனேஜர் சலீம் பாய், கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்ந்திருந்த என்னைக் கூப்பிட்டு, ஷூ வாங்கும் வெளிநாட்டு பையர் வருவதற்குள் சரிசெய்யச் சொன்னார். ஆர்டர் கைநழுவினால் ஒரு தயாரிப்பு லைனையே மூட வேண்டிவரும் என்றும் சொன்னார்.

எந்த புரோகிராமுக்கு எப்போது பிராசசரைக் கொடுப்பது என்று முறை வைப்பது, ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்குள் இருக்கும் ஷெட்யூலரின் வேலை. அங்கே யாரோ அளவுக்கு மீறி நேரம் எடுக்கிறார்கள் என்று தோன்றியது. ஆளைப் பிடிக்க நானே ஒரு புரோகிராம் எழுதினேன். யார் எவ்வளவு பிராசசரைத் தின்கிறார்கள் என்று அது ஓயாமல் கணக்கெடுத்துப் பட்டியல் போடும். எதுவும் விட்டுப்போகக் கூடாதென்று இடையில் ஓய்வே கொடுக்காமல் சுற்றவிட்டு, எல்லோருக்கும் முன்னால் முறை கிடைக்கும்படி உச்ச முன்னுரிமையும் கொடுத்தேன். அதற்கு வைத்தது என் பெயரையேதான், 'கவிதா'. (அடக்கம் எங்கள் ஊர் திமிரிப் பக்கம் விளைவதில்லை.)

மெஷின் இன்னும் மோசமானது. திருடன் கில்லாடி, நான் பார்ப்பது தெரிந்தே ஆடுகிறான் என்று முடிவுகட்டினேன். பட்டியலில் என் புரோகிராமின் பெயரை மட்டும் மறைத்துவைத்திருந்தேன். போலீஸ்காரர் தன்னையே விசாரிப்பாரா? ஆனால் பையர் வரும் அன்று, என் பெயரும் நாலு பேர் கண்ணில் படட்டுமே என்ற ஆசையில் அந்த மறைப்பை எடுத்துவிட்டேன்.

பையர் எதிரிலேயே கத்தி தோலில் பாதி இறங்கி நின்றுவிட்டது. நான் கலங்கவில்லை. காரணத்தை இப்போதே காட்டுகிறேன் என்று இங்கிலீஷில் அறிவித்து, சுவரிலிருந்த பெரிய திரையில் பட்டியலைப் போட்டேன். எல்லாப் பெயருக்கும் எதிரே கிட்டத்தட்ட பூஜ்யம். உச்சியில் மட்டும் சிவப்பாக: கவிதா, 99%.

பையர் திரையைப் பார்த்தார். பிறகு என் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்தார்.

"இன்னாம்மா, உன் பேரு போட்டுக்கீது?" என்றார் சலீம் பாய், மெதுவாக.

"எல்லாம் ஒழுங்கா வேலை செய்யுதான்னு பாத்துக்கினு இருக்குது, பாய்."

"அது பாக்கறது ஜாஸ்தியாப் போச்சு. மூடும்மா அதை."

மூடினேன். மெஷின் சரசரவென்று வெட்டத் தொடங்கியது. பையர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நல்லவேளை, ஆர்டரும் கொடுத்தார். (முதலில் வந்த லேசான திணறலுக்குக் காரணம் வேலை நேரத்தில் ஓடிய ஆண்டிவைரஸ். அதை நேரம் மாற்றி வைத்ததும் தீர்ந்தது.)

கதை மட்டும் ஊரைச் சுற்றியது. பிறகு குடியாத்தத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் மாமா எங்கள் கம்பெனிக்காரர். காபியை வாங்கிக்கொண்ட மாப்பிள்ளையின் அம்மா, என் அம்மாவிடம் சாதாரணமாகத்தான் கேட்டார்: "பொண்ணு வேலை செய்யுமா, இல்ல பாத்துக்கினே இருக்குமா?"

கல்யாணம் நடந்தது. இன்றைக்கும் என் கணவர் சமைக்கும்போது நான் சமையலறை வாசலில் போய் நின்றால் போதும், கத்தியைப் பாதி வெங்காயத்தில் நிறுத்திவிட்டு, நான் நகரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்.