மெரினாவின் ஐம்பது மீட்டர் ரோடு

யட்டியாந்தோட்டை,
ஒக்டோபர் 12.

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய சவரிமுத்து மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கச்சி புருஷன் அந்தனி எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் சூசையம்மாவும் மகள் மெரினாவும் சுகம். வரக்காப்பொலையில் நீங்களும் வீட்டாரும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறோம். இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீங்கள் பாதியிலேயே "சரி சரி, பொறகு பேசுவோம்" என்று வைத்துவிடுவீர்கள். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது.

மெரினா இஞ்சினியருக்குப் படித்து, தாரில் ரப்பர் பாலைக் கலந்து நகரத்து ரோடுகளைப் பலப்படுத்தும் ஆராய்ச்சியில் சேர்ந்தபோது, நீங்கள் எங்கள் வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டே, "பொம்பளப் புள்ள தார்ச்சட்டி தூக்கவா இவ்வளவு படிச்சிச்சி?" என்று கேட்டீர்கள். அன்று உங்கள் கோப்பையில் இன்னும் கொஞ்சம் தேத்தண்ணி ஊற்றினேன். அதற்குப் பதில் இப்போது இருக்கிறது.

இரத்தினபுரியில் மழையும் லொறியும் சேர்ந்து வருஷா வருஷம் தின்றுவிடும் ஒரு தெருவில், ஐம்பது மீட்டர் மட்டும் போட்டுப் பார்க்க ஏப்ரலில் அவளுக்கு அனுமதி கிடைத்தது. ஒரு மழைக்காலம் தாங்கினால் ஆராய்ச்சி தொடரும், இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். போடுவதற்கு முதல் நாள் பார்த்தால், வாங்கி வைத்த பாலில் பாதி தயிர் மாதிரி உறைந்து கிடக்கிறதாம். பிள்ளை போன் எடுத்து, அழுகிற குரலில், "அப்பா, ஒங்க ஸ்டோர்ல பால் கெடைக்குமா?" என்றாள். முப்பத்தொரு வருஷம் ரப்பர் ஸ்டோரில் பாலோடு கிடந்தவனிடம் கேட்கிற கேள்வியா! "அமோனியா காணாது, அதான் ஒறைஞ்சிருக்கு. நான் கொண்டாறேன் புள்ள" என்றேன். தோட்டத்துப் பெரிய தொரையிடம் கேட்டு, அளவாக அமோனியா போட்ட பால் இரண்டு கேன் வாங்கி, கோயிலுக்குப் போகிற வெள்ளைச் சட்டையும் புதுச் சப்பாத்தும் போட்டுக்கொண்டு விடியற்கால பஸ்ஸில் ஏறினேன். வளைவுகளில் பஸ் ஆடிய ஆட்டத்தில் ஒரு கேனின் மூடி தளர்ந்து, அமோனியா கிளம்பி, முன் சீட்டிலிருந்து பின் சீட்டு வரைக்கும் எல்லாரும் கண்ணைத் துடைக்க ஆரம்பித்தார்கள். இடையில் ஏறிய ஒரு சிங்கள அம்மா என் கண்ணீரையும் வெள்ளைச் சட்டையையும் பார்த்துவிட்டு, செத்தது யார் என்று கேட்டு, நான் பதில் சொல்வதற்குள் அவரும் அழத் தொடங்கிவிட்டார். யாரும் சாகவில்லை, இது ரோட்டுக்கு என்று எனக்குத் தெரிந்த சிங்களம் முழுவதையும் போட்டு விளக்கியும் அவர் நம்பவில்லை. கண்டக்டர் என்னையும் கேன்களையும் அவிசாவளையில் இறக்கிவிட்டார். மிச்சத் தூரத்துக்கு ஒரு மரக்கறி லொறிக்காரர் ஏற்றிக்கொண்டார்.

கலவை போடும் யார்டில் தார் கொதித்துக்கொண்டிருந்தது. மேற்பார்வை பார்த்த முக்தார் என்கிற பையன், "அங்கிள், மெதுவா ஊத்தணும், மெதுவா!" என்று கத்தினான். மெதுவாக என்றால் எவ்வளவு மெதுவாக என்று கேட்பதற்குள் நான் கேனைச் சரித்துவிட்டேன். பாலில் இருந்த தண்ணீர் ஆவியாகி, தார் பால்சோறு மாதிரிப் பொங்கி எழுந்து, நானும் முக்தாரும் ஆளுக்கொரு திசையில் ஓடினோம். அத்தோடு நின்றிருக்கலாம். தெருவில் கலவையைப் பரப்பியபோது பக்கத்தில் பார்க்கும் ஆசையில் சூட்டோடு அதன் மேல் காலை வைத்தேன். சப்பாத்தின் அடித்தோல் அங்கேயே நின்றுவிட்டது, நான் மட்டும் வந்தேன். மெரினா மஞ்சள் தொப்பியோடு தெரு முனையிலிருந்து, "அப்பா! ரோட்ட விட்டு எறங்குங்க! ரோலர நிப்பாட்டாதீங்க, சூடு ஆறிரும்!" என்று போட்ட சத்தத்தில் ரோலர்க்காரரே நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒருவன் மண்வெட்டியால் தோலைக் கிளப்பி எடுத்தான். மச்சான், இருபது ஆம்பளைகளை என் மகள் அதட்டி வேலை வாங்குவதை அன்றுதான் கண்டேன். முதலில் அதட்டு வாங்கியது நான். வெட்கம் வரவேண்டிய இடத்தில் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. ஒரு கால் வெறுங்காலோடு ஓரத்தில் நின்றவனைச் சிங்களப் பையன்கள் "மிஸ்கே தாத்தா" என்று கூப்பிட்டுப் பிளேன்டீ கொடுத்தார்கள். சிங்களத்தில் மிஸ்ஸின் அப்பா! முப்பத்தொரு வருஷத்தில் யாரும் எனக்குக் கொடுக்காத பதவி.

பிறகு பெய்தது பாருங்கள், மழை. ஐந்து மாதம். போன வாரம் போய்ப் பார்த்தேன். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அரிசி கழுவுகிற அளவுக்குக் குழி. நடுவில் ஐம்பது மீட்டர் மட்டும் கீறல் இல்லை. நான் குனிந்து தடவிக்கொண்டிருந்ததைப் பார்த்த ஓட்டோக்காரர் ஒருவர், "என்ன தொலைச்சிட்டீங்க ஐயா?" என்றார். "ஒண்ணும் தொலைக்கலங்க. இது எம் மக போட்ட ரோடு" என்றேன். அவர் இறங்கி வந்து, தானும் ஒருதரம் தடவிப் பார்த்தார். இனி அரை கிலோமீட்டர் போடச் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே வருகிற சனிக்கிழமை இரத்தினபுரிக்கு வாருங்கள். உங்களை அதன் மேல் நடத்திக் காட்ட வேண்டும்.

அந்தோனியார் உங்கள் குடும்பத்துக்குத் துணையிருக்கட்டும். பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

இப்படிக்கு,
அந்தனி (மிஸ்கே தாத்தா)

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது மெரினா வந்தாள். சனிக்கிழமை இரத்தினபுரிக்குப் போக வேண்டாம். கேபிள் போடுகிற யாரோ வந்து ஐம்பது மீட்டரையும் நீளவாக்கில் வெட்டிப் போட்டுவிட்டார்களாம். நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். அவளோ சாக்கில் சுற்றிக் கொண்டுவந்த ஒரு துண்டை மேசையில் வைத்து, "பாருங்கப்பா, உள்ளுக்கு ஒரு சொட்டுத் தண்ணி எறங்கல! வெட்டுறதுக்கு ரெண்டு பிளேடு மாத்துனாங்களாம்!" என்று சிரிக்கிறாள். சூசையம்மா அதற்குக் கீழே பூப்போட்ட துணி விரித்துவிட்டாள். எனவே நேரே எங்கள் வீட்டுக்கே வாருங்கள். நடக்க முடியாது. தூக்கிப் பார்க்கலாம்.