சாயங்காலம் என்னுடையது

பதவி உயர்வு வேண்டாம் என்று முடிவெடுத்த அன்று, கண்ணாடி முன் நின்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன்.

"முடியாது! முடியவே முடியாது!"

சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "யாருக்கு?"

"ஒண்ணுமில்ல, தொண்டையைச் சரிபண்ணிக்கிட்டேன்," என்றேன்.

நான் ஒரு மெத்தைத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகன். படுத்துப் பார்ப்பதுதான் என் வேலை. கேட்பதற்குச் சொர்க்கம் மாதிரி இருக்கும். ஆனால் வேலை நேரத்தில் தூங்கிவிட்டால் மெத்தை பாஸ், நான் ஃபெயில். என் மனைவியும் அதே பிரிவுதான். நான் மெத்தையின் வயிற்றைப் பார்ப்பேன், அவள் ஓரத் தையலைப் பார்ப்பாள். அவள் கண்ணிலிருந்து ஒரு நூல் பிசிறுகூடத் தப்பியதில்லை. நானும் தப்பியதில்லை.

எங்கள் தலைமைப் பரிசோதகர் ஓய்வு பெற்றார். அந்த இடத்துக்கு நான்தான் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். பழையவர் வாழ்ந்த வாழ்க்கையைக் கண்ணால் பார்த்தவன் நான். ஒரு தடவை அவருடைய சொந்தப் பிள்ளை அவரை 'சார்' என்று கூப்பிட்டது.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் அப்பாவுக்கு நல்ல வாழ்க்கை என்றால் நாற்காலி. எனக்குக் கை வைத்த நாற்காலி கிடைத்தபோது தெரு முழுக்கச் சொன்னார். இப்போது கிடைக்கவிருந்தது சுழல்நாற்காலி. அதை வேண்டாம் என்பது படிக்க வைத்தவர்களுக்குச் செய்யும் துரோகமோ என்று எனக்குச் சோறே இறங்கவில்லை. ஆனாலும் கேட்கிறேன். சாயங்காலம் மகளோடு மாடிப்படியில் உட்கார்ந்து போகிற பஸ்ஸுக்கெல்லாம் கையாட்டுவது வாழ்க்கை இல்லையா? யாரோ செய்து வைத்த செருப்பின் அளவுக்கு என் காலை ஏன் வெட்டிக்கொள்ள வேண்டும்?

இந்த வீரமெல்லாம் மனசுக்குள்தான். மனைவி என்ன சொல்வாளோ? அதனால் ஒரு திட்டம் போட்டேன். அந்த வேலையைப் பற்றிச் சொல்லி அவளைப் பயமுறுத்துவது. 'வேண்டாம்' என்ற வார்த்தையை அவள் வாயாலேயே வரவழைப்பது.

"அந்த வேலை எப்படிப்பட்டதுன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியாதே, சொல்லுங்க," என்று நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நான் பேசுவதை அவள் உட்கார்ந்து கேட்டதே கிடையாது.

"வீட்டுக்கு வர ராத்திரி எட்டாயிடும்."

"ஐயோ! ஏன் அவ்வளவு நேரம்?"

"பஞ்சு லாரி சாயங்காலம்தான் வரும். லாரிக்காரன் எடை கூட்டறதுக்காக ஈரப் பஞ்சை மூட்டைக்கு நடுவுல ஒளிச்சு வெச்சிருப்பான்."

"அடப்பாவி! எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"மேலாகத் தொட்டா தெரியாது. கையை முழங்கை வரைக்கும் உள்ள விடணும்."

"முழங்கை வரைக்கும். சரி, அப்புறம்?"

"மேனேஜர் வேற வந்து கத்துவாரு. மோசமான மெத்தையையும் 'பரவாயில்ல, அனுப்பு'ம்பாரு."

"அப்ப என்ன செய்யணும்?"

"எதிர்த்துப் பேசக் கூடாது. 'நீங்களே ஒரு தடவை படுத்துப் பாருங்க சார்'னு சொல்லணும். இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு எழுந்து போயிடுவாரு."

"அட, இது யாருக்குத் தோணும்!"

எனக்குத் தலை கால் புரியவில்லை. இன்னும் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

கடைசியில் பெருமூச்சு விட்டாள். "இவ்வளவு கஷ்டமா? நமக்கு வேண்டாங்க. உங்க உடம்பு முக்கியம். நாளைக்கே சொல்லிடுங்க."

மறுநாள் மேனேஜர் அறைக்குள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன்.

"முடியாது சார்."

"ஏன்யா?"

"சாயங்காலம் என்னுடையது சார். தர மாட்டேன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப யாரைத்தான் போடறது?"

நேர்மையாகச் சொன்னேன். "வளைஞ்சு குடுக்காத ஆளாப் பாருங்க சார். எதைப் பார்த்தாலும் குறை கண்ணுல படணும். ஒரு பார்வை பார்த்தா எதிராளி கேக்காததையும் சேர்த்து உளறிடணும்."

"நல்லவேளை, நீயே சொல்லிட்ட!" என்று மேஜையைத் தட்டினார். "நீ என்ன நினைப்பியோன்னுதான் நானும் தயங்கிட்டிருந்தேன்."

எனக்குப் புரியவில்லை. பாராட்டு என்று நினைத்து நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

அன்று ஐந்து மணிக்கு, "மேனேஜர் கூப்பிட்டாரு, நீங்க முன்னாடி போங்க," என்றாள் மனைவி. ராஜா மாதிரி வீட்டுக்கு வந்தேன். மகளோடு மாடிப்படியில் உட்கார்ந்தேன். பஸ்கள் போயின. கையாட்டினோம். இருட்டியது. மகளுக்குப் பசித்தது. எனக்கும் பசித்தது. அடுப்படியில் எது எங்கே இருக்கிறது என்பதைப் பட்டப்படிப்பில் சொல்லித்தரவில்லை.

எட்டு மணிக்கு அவள் வந்தாள். கையில் முழங்கை வரைக்கும் பஞ்சு.

"என்ன இது?"

"லாரி வந்துச்சுங்க. நீங்க சொன்ன மாதிரியே நடுவுல ஈரம். திருப்பி அனுப்பிட்டேன்."

"நீயா? அந்தப் பதவி உனக்கா?"

"நீங்க வேண்டாம்னீங்க, நான் வேணும்னேன்."

"எட்டு மணி ஆகும்னு சொன்னேனே! வாழ்க்கைத் தரம்னு ஒண்ணு..."

"உங்களுக்கு மாடிப்படி, எனக்கு அந்த லாரி. வருஷக்கணக்கா ஓரத்தையே பார்த்துட்டு உட்கார்ந்திருக்கேன். நடுவுல என்ன இருக்குன்னு கை விட்டுப் பார்க்க எனக்கு ஆசை இருக்காதா? 'உனக்கு எதுடி நல்ல வாழ்க்கை'ன்னு ஒரு நாளாவது கேட்டிருக்கீங்களா?"

கேட்டதில்லை. உண்மையைச் சொல்லத்தானே வேண்டும். ஆனால் ரோஷம் என்று ஒன்று இருக்கிறதே!

"அதெல்லாம் நடக்காது! நாளைக்கே போய் அந்தப் பதவி எனக்கே வேணும்னு கேக்கப் போறேன்!"

"தாராளமா கேளுங்க. எதுவா இருந்தாலும் உங்க மேலதிகாரி வழியாத்தான் வரணும்," என்றவள், அடுப்பைப் பற்றவைத்துப் பாலை ஏற்றிவிட்டு, கரண்டியை என் கையில் கொடுத்தாள். "மேலதிகாரி குளிச்சிட்டு வர வரைக்கும் இது பொங்காம பார்த்துக்குங்க."