கரைப்பம்மாவின் அளவு நாடா

புதன்கிழமை சாயங்காலமானால் பெயின்ட் கடை மாடிப்படியில் கால் வைக்க இடம் இருக்காது. படி முழுக்கப் பெண்கள். கீழ்ப்படியில் நிற்பவள் கவலையோடு விசாரிப்பாள். மேல்படியில் நிற்பவள் நான்கு பேர் குணமான கதையைக் கையோடு வைத்திருப்பாள். அந்த நான்கு பேரை யாரும் பார்த்ததில்லை. பார்ப்பதெப்படி? குணமானவர்கள் எதற்கு மறுபடியும் படியேறப் போகிறார்கள்? கேள்விக்கு முன்பே பதில் தயாராக இருக்கும் இடம் அது.

மாடியில் கூடம். கூடத்தில் கரைப்பம்மா. மார்பில் வரும் கட்டியை ஊசி இல்லாமல், கத்தி இல்லாமல், முக்கியமாக ஆம்பளை டாக்டர் இல்லாமல் கரைத்துவிடுவாள் என்று பேர். கைராசிக்குக் காசு வாங்கமாட்டாள். எண்ணெய்க்கு மட்டும் வாங்குவாள். அந்த எண்ணெயின் விலைக்குக் கைராசியையும் சேர்த்தே வாங்கிவிடலாம் என்பது வேறு விஷயம்.

எண்ணெயையும் முணுமுணுப்பையும் விடுங்கள், அவை எல்லாச் சாமியாரிடமும் உண்டு. கூட்டத்தை இழுத்தது அவளுடைய அளவு நாடா. ரவிக்கைக்கு மேலாகவே கட்டியின்மீது நாடாவை வைத்து, இரண்டு கையாலும் பக்தியோடு பிடித்து, கண்ணை மூடித் திறந்து, அளவைச் சத்தமாகச் சொல்லுவாள். போன வாரம் இரண்டு அங்குலம். இந்த வாரம் ஒன்றே முக்கால். கூடத்தில் நாற்பது பேரும் ஒரே மூச்சாகப் பெருமூச்சு விடுவார்கள். கணக்கே சொன்ன பிறகு சந்தேகப்படுவது மரியாதையா?

ஒரே ஒரு நிபந்தனை. ஆஸ்பத்திரிப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது. ஊசி பட்டால் கட்டிக்குக் கோபம் வந்து உடம்பெல்லாம் பரவிவிடுமாம்.

ஏழு வாரமாக அந்தக் கூட்டத்தில் காலர் அக்காவும் ஒருத்தி. சட்டை தைக்கும் பட்டறையில் இருபது வருஷமாகக் காலர் மட்டுமே தைக்கிறவள். உடம்பு, கை, பொத்தான் எல்லாம் அடுத்தவர் பாடு. ஒரு நாள் குளிக்கும்போது இடது மார்பில் கோலிக்குண்டு மாதிரி ஒன்று விரலில் தட்டியது. வலி இல்லை. வலி இல்லாததால் பயப்பட வேண்டாம் என்று அவளே தீர்ப்பு எழுதிக்கொண்டாள். ஆனாலும் பயம் போகவில்லை. வீட்டுக்காரரிடம் எண்ணெய் இடுப்புவலிக்கு என்று சொல்லி வைத்தாள். அவரும் நம்பினார். வீடு முழுக்க நம்பிக்கைதான்.

இத்தனைக்கும் அந்தப் பட்டறையில் ஒருத்தி நாடாவை இன்னொருத்தி தொடமாட்டாள். துணி நாடா நாளாக நாளாக நீளும். கால் அங்குலம் நீண்டால் போதும், நூறு சட்டை பாழ். வருஷத்துக்கு ஒரு முறை எல்லா நாடாவையும் இரும்பு அளவுகோலோடு ஒட்டி வைத்துப் பார்த்து, நீண்டதைக் குப்பையில் போடுவார்கள். அப்பேர்ப்பட்ட காலர் அக்கா, கரைப்பம்மாவின் நாடாவை மட்டும் ஏனென்று கேட்கவில்லை. சட்டை என்றால் ஜாக்கிரதை. சொந்த உடம்பென்றால் நம்பிக்கை.

பட்டறையில் செக்கிங் பார்க்கிறவள் ஒருத்தி உண்டு. தைத்து முடித்த சட்டையில் நூல் பிசிறு தேடி வெட்டுவது வேலை. மனிதர்களிடமும் அதையே செய்வதால் அவளுக்குப் பிசிறு என்றே பேர். நாலாம் வாரம் சாப்பாட்டு நேரத்தில் காலர் அக்காவின் பையில் எண்ணெய்ப் புட்டியைப் பார்த்துவிட்டு, கதையைப் பிடுங்கிக்கொண்டாள்.

"கட்டி என்ன உன் மாமியாராக்கா, கோவிச்சுக்கறதுக்கு?" என்றாள்.

காலர் அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, நாடாவில் குறைந்துகொண்டே வருகிறது என்றாள்.

"தொட்டுப் பார்த்தியா?"

"தொட்டா அப்படியேதான் இருக்கு."

"காலர் முனையில ஒரு நூல் மடிஞ்சா கண்ணை மூடிட்டுச் சொல்ற விரலு. அது பொய் சொல்லுதா? அந்தம்மா நாடா மட்டும் நிஜம் பேசுதா?"

காலர் அக்கா டப்பாவை மூடினாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போனா என்னன்னு சொல்லிடுவாங்கடி," என்றாள்.

இதற்குப் பிசிறிடம் கேலி இல்லை. அவள் நேராகப் பொத்தான் பெட்டிக்குப் போய், ஒன்றரை அங்குலத்தில் ஒரு கோட்டுப் பொத்தானை எடுத்தாள். அதைத் தன் ரவிக்கையின் உள்துணிக்கு உள்ளே வைத்து நாலு பக்கமும் தைத்தாள். அடுத்த புதன்கிழமை முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றாள். காலர் அக்காவிடம்கூட மூச்சு விடவில்லை.

முதல் வாரம் கரைப்பம்மா அளந்தாள். ஒன்றரை. கெட்ட கட்டி, நல்ல வேளையாக வந்தாய் என்றாள். இரண்டாம் வாரம் ஒன்றேகால். மூன்றாம் வாரம் ஒன்று. கூடம் பெருமூச்சு விட்டது.

பிசிறு இடுப்பிலிருந்து நூல் வெட்டும் கத்தரியை எடுத்தாள். திரும்பி நின்று உள்தையலைப் பிரித்தாள். பொத்தானைக் கரைப்பம்மாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

"என் கட்டி இதுதாம்மா. மூணு வாரத்துல அரை அங்குலம் கரைச்சிருக்கீங்க. கோட்டுக்காரருக்கு நான் என்ன பதில் சொல்றது?"

கரைப்பம்மா லேசுப்பட்டவள் இல்லை. கெட்ட எண்ணத்தோடு வந்தால் சக்தி விலகிவிடும் என்றாள். கூடம் தலையாட்டியது. தலையாட்டக் கூட்டத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டு மூன்று பேர் பிசிறை வெளியே போகச் சொன்னார்கள்.

அப்போதுதான் காலர் அக்கா எழுந்தாள். அனுமதி கேட்காமல் நாடாவை எடுத்தாள். விரலில் பட்டதுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பொத்தானைத் தரையில் வைத்து, நாடாவைத் தளர விட்டு அளந்தாள். ஒன்றரை. இரண்டு கையாலும் பக்தியோடு இழுத்துப் பிடித்து அளந்தாள். ஒன்று.

"பாவாடை இடுப்புக்குப் போடற எலாஸ்டிக் இது," என்றாள். "மேல மையால கோடு போட்டிருக்கு."

குரலில் கோபம்கூட இல்லை. ஏழு வாரத்தை மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தாள். யாரோ ஒருத்தி நாடாவை வாங்கி இழுத்துப் பார்த்தாள். பிறகு இன்னொருத்தி. நாடா கூடம் முழுக்கச் சுற்றி வருவதற்குள் கரைப்பம்மாவுக்கு அவசர வேலை வந்துவிட்டது.

அன்றைக்குத்தான் காலர் அக்கா வீட்டுக்காரரிடம் நிஜத்தைச் சொன்னாள். மறுநாள் காலை அவர் அவளுக்கு முன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். தெருமுனையில் பிசிறும் லீவு போட்டுவிட்டு நின்றுகொண்டிருந்தாள்.

படம் எடுத்தார்கள். ஊசி குத்திப் பார்த்தார்கள். கட்டி கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் அது புற்றுநோய்தான். அக்குளுக்கு இன்னும் போகவில்லை, ஏழு வாரம் முன்னால் வந்திருக்கலாம், இப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்றார் டாக்டர். அறுவை நடந்தது. மருந்து ஏறியது. முடி கொட்டியது. ஆறேழு மாதம் கழித்துக் காலர் அக்கா தலையில் துண்டு கட்டிக்கொண்டு மெஷினில் வந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்தே இருக்கக் கூடாதென்று இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் எழுந்து பட்டறையைச் சுற்றி நடக்கிறாள், மற்றவர்களையும் இழுத்துக்கொண்டு. மாதவிலக்கு முடிந்த நாலாம் நாள் தொட்டுப் பார்த்தாயா என்று ஒவ்வொருத்தியிடமும் கேட்கிறாள். கட்டியென்று வருவதில் முக்கால்வாசி ஒன்றுமில்லாததுதான், ஆனால் அதை டாக்டர் சொல்லட்டும், நீ சொல்லாதே என்கிறாள்.

போன வாரம் கைமடிப்பு தைக்கிற பெண் ஒருத்தி தயங்கித் தயங்கி வந்தாள். விரலில் என்னவோ தட்டுகிறதாம். டாக்டரிடம் போகத்தான் வெட்கமாம்.

காலர் அக்கா ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நாப்பது பேர் நடுவுல உக்காந்து நெஞ்சை அளக்கக் குடுத்தவ நான். அப்ப வராத வெட்கம், கதவைச் சாத்திட்டு ஒரு டாக்டர் பார்க்கும்போது எங்கேர்ந்துடி வருது? பத்து மணிக்கு வா, போகலாம்."

அந்தப் பெண் வருகிறேன் என்றாள். வெட்கத்தை எங்கே வைப்பது, நம்பிக்கையை எங்கே வைப்பது என்று நீங்களும் ஒரு தரம் யோசித்துப் பாருங்கள். யோசிப்பதால் எந்த நோயும் பரவியதாக இதுவரை தகவல் இல்லை.